வகுப்பறையில் கற்றல் கோட்பாடுகளின் கலப்பு



பயிற்சிக் கல்லூரியில் கற்றல் கோட்பாடுகளைத் தேர்வுக்கென்றே படிக்கிறோம். தார்ண்டைக்கின் பூனை ஒரு வினா. கோலரின் மனிதக் குரங்கு ஒரு வினா. பியாஜேயின் வளர்ச்சிப் படிகள் ஒரு வினா. பின்னர் வகுப்பறையில் அவற்றுள் நமக்கு எளிதான ஒன்று மட்டும் பழக்கமாகிவிடுகிறது. அந்த ஒன்றே நம் பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்புவதும் உண்டு. அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

ஐந்தாம் வகுப்பில் 1/3, 1/4 ஆகிய இரண்டையும் கூட்டச் சொன்னால், பலர் 2/7 என்று எழுதுவர். இது மந்தபுத்தியன்று. முழு எண்களில் நன்கு பழகிய விதியைப் பின்னத்திற்கும் நீட்டுகின்றனர், அவ்வளவே. கையிலிருந்த 1/3 பங்கோடு மேலும் சேர்த்த பின் 2/7 ஆகக் குறைந்துவிட்டதே என்று கேட்டால் திகைப்பர். அந்தத் திகைப்பு நல்ல தொடக்கம். பிரம்பை எடுத்தால் அது அச்சமாகிவிடும். வலுவூட்டலைப் பேசிய ஸ்கின்னரும் தண்டனையை ஏற்றவரல்லர்.

பன்னிரண்டு கட்டங்கள் உள்ள காகிதப் பட்டையைக் கையில் கொடுப்போம். மூன்றாய் மடித்தால் ஒரு பங்கு நான்கு கட்டம். நான்காய் மடித்தால் மூன்று கட்டம். ஆக ஏழு கட்டம், அதாவது 7/12. ஏழு முதல் பதினொரு வயது வரை பிள்ளைகள் கண்முன் உள்ள பொருளைக் கொண்டே சிந்திக்கின்றனர் என்றார் பியாஜே. ஆனால் பட்டைக்கு ஏன் பன்னிரண்டு கட்டம்? மூன்றாம், நான்காம் வாய்ப்பாடுகள் நாவில் நில்லாத பிள்ளைக்கு அவ்வெண் தோன்றாது. எனவே மனப்பாடமும் வேண்டும். மனப்பாடத்தை அறவே இகழ்வோர், வீட்டில் வாய்ப்பாடு கேட்க ஆளுள்ள பிள்ளைகளையே மனத்திற்கொண்டு பேசுகின்றனர். நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியே அந்த வீடு.

“இவனுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை” என்று பியாஜேயின் பெயரால் கடைசி வரிசையில் விட்டுவிடுவோரும் உளர். பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த வைகாட்ஸ்கியிடம் இதற்கு மறுமொழி உண்டு. இன்று பிறர் துணையோடு செய்வதைப் பிள்ளை நாளை தானே செய்யும் என்றார் அவர். துணை தராமல் பக்குவத்தை அளப்பது எவ்வாறு?

பிள்ளைக்குப் பிள்ளை துணையாவது நம் மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை நாம் அறிவோம். 1789 முதல் சென்னை எழும்பூரில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்திலும் பரவிற்று. அந்நாளைய திண்ணைகளில் நம் முன்னோர்க்குப் பெரும்பாலும் இடமில்லை. இன்று இடம் உண்டு. எந்த இடம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே மூலையில் அமர்ந்திருந்தால் அது குழுக் கற்றலாகாது. சேரிப் பிள்ளை எப்போதும் கேட்பவனாகவும் மற்றவன் எப்போதும் சொல்பவனாகவும் இருப்பதும் ஆகாது. கூலிக் கணக்கையும் கடைக்கணக்கையும் மனத்திலேயே போடும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அத்தகைய கணக்கு வரும் நாளில் அவர்கள் சொல்லட்டும், மற்றவர் கேட்கட்டும்.

மறுவாரம் 1/2, 1/5 என்று எண்களை மாற்றிக் கொடுங்கள். அன்றும் பட்டை கேட்கும் பிள்ளைக்குப் பத்துக் கட்டப் பட்டையொன்றைத் தயங்காமல் கொடுங்கள்.