படிக்க வந்த விருந்தாளி

(விழுப்புரம், திண்டிவனம் பள்ளிவாசல்களில் ஆற்றிய ஜும்ஆ உரையின் சுருக்கம்)



இலங்கையில் பெயருக்குப் பின்னால் 'பாகவி' என்று எழுதும் ஆலிம்களைக் காணலாம். நம் வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் ஓதி ஸனது பெற்றதன் அடையாளம் அது. கெய்ரோவில் பயின்றவர் 'அஸ்ஹரி'. 1961இல் தோன்றிய மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் 'மதனி'. பயின்ற இடத்தை ஆயுள் முழுதும் பெயரோடு சுமக்கிறார்கள். எந்தத் தூதரகமும் எத்தனை கோடி செலவிட்டாலும் இப்படியோர் உறவை விலைக்கு வாங்க இயலாது.

இதை நன்கறிந்தவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். சுதந்திர இந்தியாவின் முதல் கல்வியமைச்சரான அவர், 1950இல் இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலை நிறுவினார். அதன் உதவித்தொகையில் ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்கள் இன்றும் இங்கு வந்து பயில்கின்றனர். 2014 வரை ஆப்கானிஸ்தானின் அதிபராக இருந்த ஹாமித் கர்ஸாய், சிம்லாவில் இமாசலப் பிரதேசப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்றவரே.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? விழுப்புரமும் திண்டிவனமும் சிதம்பரமும் 1993 வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டம். சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. இலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார். அண்ணாமலையில் பயின்ற யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள், மலாயாப் பல்கலைக்கழகம் சென்று, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்றார். ஒருவர் இந்துத் துறவி, மற்றவர் கத்தோலிக்கப் பாதிரியார். நம் மாவட்டத்துக் கல்வி அவர்கள் வழியே கடல் கடந்தது.

ஆனால் பெருமக்களே, மாணவர் வகுப்பில் இருப்பது நாளில் ஐந்தாறு மணி நேரந்தான். மீதி நேரம் அவர் வாழ்வது நம் தெருவில். நம் நாட்டைப் பற்றி அவர் ஊர் திரும்பிச் சொல்லப்போவதில் பாதி, வீடு வாடகைக்குக் கொடுத்தவரைப் பற்றியதாகவே இருக்கும்.

அண்மையில் இப்பகுதியில் படிக்க வந்த சூடான் மாணவர் ஒருவர் மாடி வீடு கேட்டு நான்கு வாசல்களில் நின்றார். நான்கும் தொழுகையாளிகளின் வீடுகள். நான்கு இடத்திலும், "வேறு ஆள் வந்துவிட்டது" என்றே பதில். அதிலொருவர் பிறகு என்னிடம், "ஹஜ்ரத், தெருவில் என்ன பேசுவார்கள்?" என்றார். பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசையைச் சொல்லிச் சொல்லி மகிழும் நாம், அந்த மாணவரின் நிறத்தைப் பார்த்தா கதவைச் சாத்தினோம்? அவருக்கு நான் என்ன விளக்கம் சொல்வேன்?

அவர் இன்னும் லாட்ஜில் நாள் வாடகை கொடுத்துத் தங்கியிருக்கிறார். இன்று பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மாடி காலியாக உள்ளவர்கள் தொழுகை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.