மரக்குற்றி வீடும் மறந்துபோன கைகளும்

1620ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் பிளிமத்துக் கரையில் இறங்கிய ஆங்கிலேயர் எத்தகைய வீடுகளில் வாழ்ந்தனர்? மரக்குற்றிகளைக் கிடையாக அடுக்கிக் கட்டிய குடில்களில் என்பதே அமெரிக்க மக்கள் பலரும் நெடுங்காலம் நம்பிவந்த விடையாகும். ஓவியரும் அவ்வாறே வரைந்தனர். அவ்விடை பிழையானதென்பதை, ஹரோல்ட் ஷேர்ட்லிவ் என்பார் எழுதி, அவர் மறைந்தபின் 1939இல் வெளிவந்த நூலொன்று தெளிவாக நிறுவிற்று.

புதுநாட்டிற் கால்வைக்கும் மனிதன், தன் தந்தையிடம் கற்ற தொழிலையே அங்கும் செய்கிறான். இங்கிலாந்துத் தச்சர் அறிந்தது சட்டக வீடு. கருவாலி மரத்தைச் சதுரமாகச் செதுக்கித் தூணும் உத்திரமுமாக நிறுத்துவர். ஒன்றன் முனையை நாக்குப்போலச் சீவி, மற்றதிற் குடைந்த துளையிற் செருகி, மர ஆணியால் இறுக்குவர். பாரத்தைச் சட்டகமே தாங்கும்; சுவர் வெறும் மறைப்பே. தாய்நாட்டில் மிலாறும் களிமண்ணும் அவ்விடைவெளியை நிரப்பின. புதுநாட்டின் கடுங்குளிருக்கும் மழைக்கும் அது போதாமையால், வெளிப்புறத்தே பலகைகளை ஒன்றன்மேலொன்று படியுமாறு அறைந்தனர். வீட்டின் நடுவே பெரும் புகைபோக்கி எழுப்பினர். மசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் டெட்டம் நகரிலுள்ள பெயர்பாங்க்ஸ் இல்லம் இதற்குச் சான்று. அதன் மரங்கள் 1637க்கும் 1641க்கும் இடையில் வெட்டப்பட்டவை என்பதை மரவளையங்கள் காட்டுகின்றன. வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மரச்சட்டக வீடுகளுள் அதுவே மிகப் பழையது.

அவ்வாறாயின், மரக்குற்றி வீட்டைக் கொணர்ந்தவர் யாவர்? 1638இல் டெலவேர் ஆற்றங்கரையிற் குடியேறிய சுவீடியரும் பின்லாந்தினருமே அக்கலையை அங்கு முதலிற் பரப்பினர். அவர்களது தாயகத்தில் நேராக ஓங்கி வளரும் ஊசியிலை மரங்கள் மிகுதி. குற்றிகளின் முனைகளிற் பள்ளம் வெட்டி, மூலையில் ஒன்றையொன்று கவ்வுமாறு அடுக்கினால், அவற்றின் பாரமே அவற்றைப் பூட்டிவிடும். இடைவெளிகளைப் பாசியாலும் களிமண்ணாலும் அடைப்பர். ஆணியோ வாளோ இன்றியமையாதனவல்ல, கோடரியொன்றே போதும். தடித்த மரச்சுவர் குளிரையும் நன்கு தடுக்கும்.

அக்குடியேற்றம் 1655இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1664இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆட்சி மறைந்தபோதும் கோடரித் தொழில் மறையவில்லை. பின்னர் வந்த ஜேர்மானியரும் தமது நாட்டு மரக்குற்றி முறையைக் கொணர்ந்தனர். அயர்லாந்திலிருந்து வந்த ஸ்கொத்லாந்து வழியினர் அதனைக் கற்று, மேற்குக் காடுகளுக்கு எடுத்துச் சென்றனர்.

1840ஆம் ஆண்டுத் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹரிசன் மரக்குற்றிக் குடிலின் எளிய மைந்தராகக் காட்டப்பட்டு வெற்றி பெற்றார். உண்மையில் அவர் பிறந்தது வேர்ஜீனியாவின் செங்கல் மாளிகையொன்றில். அதுமுதல் மரக்குற்றிக் குடில் நாட்டின் எளிமைக்கும் உழைப்புக்கும் சின்னமாயிற்று. தேசத்தின் சின்னமாகிய வீடு தேசத்தின் மூதாதையர் வாழ்ந்த வீடாகவும் இருத்தல் வேண்டுமென மக்கள் எண்ணினர். பிளிமத்து ஆங்கிலேயர் அறியாத வீட்டிலே அவர்களைக் குடியிருத்தினர்.

இப்பிழையால் இரு திறத்தார்க்கும் அநீதி நேர்ந்தது. சட்டகம் செதுக்கிய ஆங்கிலேயத் தச்சரின் நுண்தொழில் மறக்கப்பட்டது. வடபுல ஏழைக் குடியானவர் கொடுத்த கொடை பிறர் பெயரில் எழுதப்பட்டது. ஏடுகள் தவறினும், பழைய வீடுகளின் மூலைப் பொருத்துகள் செய்த கைகளை இன்றும் காட்டிநிற்கின்றன. வரலாறு கற்போர் அவற்றையும் படித்தல் வேண்டும்.