முட்டுகிற ஆட்டை முட்டவிடுங்கள்

நடுவர் அவர்களே, அம்பாங்கான் பெரியோர்களே, முன்வரிசையில் கைப்பேசியை மடியில் ஒளித்து வைத்திருக்கும் பிள்ளைகளே! கிறுக்குத்தனமான விலங்கு வீடியோ விளையாட்டுகளால் கெடுதலே அதிகம் என்று எதிரணி முழங்கிவிட்டுப் போயிருக்கிறது. இல்லை, அவை ஆடத் தகுந்தவைதான் என்று சொல்ல வந்திருக்கிறது இந்த அணி.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து மூளையைக் கசக்கி ஆடுபுலி ஆட்டம் ஆடிய இனம், இன்று ஓர் ஆட்டைத் திரையில் ஓடவிட்டுப் பெட்ரோல் நிலையத்தை வெடிக்க வைத்துச் சிரிப்பதா என்றார். ஐயா, ஆடுபுலி ஆட்டத்தில் இருப்பது ஆடா, புளியங்கொட்டையா? வைத்த இடத்தில் இருக்கும், நகர்த்தினால் நகரும், வெட்டினால் போகும். ரப்பர்த் தோட்ட லயத்தில் ஆடு வளர்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். நிஜ ஆடு கொடியில் காய்ந்த கைலியை மெல்லும். ரப்பர் மரத்தில் முதுகைச் சொறிந்து, நிறைந்திருக்கும் பால் மங்கைக் கவிழ்க்கும். விடிகாலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு நிற்கிற கூட்டத்துக்குள் புகுந்து, வேறு ஆளே கிடைக்காதது போலக் கங்காணியைத் தேடி முட்டும். அந்த ஆட்டைத்தான் சுவீடன்காரர்கள் கணினிக்குள் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

சுவீடனில் ஷோவ்டே என்று ஒரு சிறிய ஊர். அங்குள்ள காஃபி ஸ்டெயின் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார், 2014 தொடக்கத்தில் தங்களுக்குள் பொழுதுபோக்காக ஓர் ஆட்டு விளையாட்டைச் செய்தார்கள். அதன் காணொளிக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 'கோட் சிமுலேட்டர்' என்ற பெயரில் அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி விற்பனைக்கு விட்டார்கள். முட்டாள்கள் தினத்தில் வந்ததால் வேடிக்கைக்கு அறிவித்திருக்கிறார்கள் என்று பலர் நினைத்தார்கள். பத்து டாலர் விலை. அன்றைக்கு ஏறக்குறைய 33 மலேசிய வெள்ளி. விற்பனைக் குறிப்பில் அவர்களே, இது உடைந்துபோன முட்டாள் விளையாட்டு, இந்தக் காசைச் சேர்த்து வைத்து நண்பர்களோடு கூட்டுப் போட்டு ஒரு நிஜ ஆடு வாங்கலாம் என்ற பொருளில் எழுதி வைத்தார்கள். (நெகிரி செம்பிலானில் 33 வெள்ளிக்கு ஆடு கிடைக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லவும்.) நிரலில் இருந்த பிழைகளில் விளையாட்டையே நிறுத்திவிடக்கூடியவற்றை மட்டும் சரிசெய்வோம், மற்றவை வேடிக்கையாக இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும் என்றும் அறிவித்தார்கள். ஆட்டின் நாக்கு எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். ஆளோ பொருளோ, அதையும் இழுத்துக்கொண்டு ஓடும். அடுத்து வந்த பாகத்துக்கு, இரண்டைத் தாண்டி, 'கோட் சிமுலேட்டர் 3' என்று பெயர் வைத்தார்கள். 2022-இல் வந்தது அது. இரண்டாவது எங்கே என்று கேட்டால், இல்லை, அதுதான் நகைச்சுவை!

இதில் என்ன திறமை இருக்கிறது என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். திறமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பொதுவாகக் கணினி விளையாட்டில் ஒருவர் விழுந்தால், எப்படி விழ வேண்டும் என்று ஓவியர் முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார். நூறு முறை விழுந்தாலும் அதே விழுதல். 'ரேக்டால்' என்ற முறை வேறு. உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து மூட்டுகளால் கோப்பார்கள்; ஒவ்வொரு துண்டுக்கும் எடை, ஒவ்வொரு மூட்டுக்கும் இவ்வளவுதான் மடங்கலாம் என்ற எல்லை. அதன் பிறகு ஓவியர் கையை எடுத்துவிடுவார். கழுத்து எந்தப் பக்கம் போகும், பின்னங்கால் எங்கே சுற்றும் என்பதைப் புவியீர்ப்பும் வேகமும் முடிவு செய்யும். எழுதி வைத்த நகைச்சுவை மூன்றாம் முறை புளித்துவிடும். இங்கே ஆடு ஒவ்வொரு முறையும் புதிதாக விழுகிறது, விழவைத்தவர் ஆடுகிறவர், ஆகவே சிரிப்பும் அவருடைய சொந்தத் தயாரிப்பு. இந்த அணியின் வாதம் முழுவதும் இந்த ஒரு வரியில் நிற்கிறது.

இந்த முறையை முதலில் கொண்டுவந்த விளையாட்டுகளில் ஒன்றும் விலங்கு விளையாட்டுத்தான். 1998-இல் வெளியான 'ட்ரெஸ்பாசர்', ஜுராசிக் பார்க் படவரிசையின் கதைத் தொடர்ச்சி. டைனோசர்களை இயற்பியல் விதிப்படி நடக்க வைக்கப் பார்த்தார்கள். அவை குடித்தவர்கள் போலத் தள்ளாடின. ஆடுகிறவரின் கை ரப்பர்க் குழாயாக வளைந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பயமுறுத்த வந்த டைனோசர் தள்ளாடியது தோல்வி. சிரிக்க வைக்க வந்த ஆடு தள்ளாடியது வெற்றி. பதினாறு ஆண்டுகளில் தொழில்நுட்பம் வளர்ந்தது உண்மைதான், ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம், தள்ளாட்டத்தை ஒளிக்க வேண்டியதில்லை என்று ஒருவருக்குத் தோன்றியது.

தோட்டத்துத் தமிழர்களுக்கு இது புதிதா? பொங்கல் விளையாட்டில் வழுக்கு மரம் நட்டு, எண்ணெய் பூசி, ஏறுகிறவர் சறுக்கி வந்து கீழே நிற்பவர் தோளில் உட்காருவதைப் பார்க்கத்தானே ஊரே திரண்டது? உறியடியில் பானையை உடைத்தவரை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? கயிற்றை இழுத்துவிட்டதும் கம்பைக் காற்றில் வீசிச் சுழன்று, முகத்தில் தண்ணீர் அடித்து, திசை தெரியாமல் பார்வையாளர்கள் பக்கம் நடந்து வந்தவரைத்தான் பத்து ஆண்டு கழித்தும் பேசுகிறார்கள். எண்ணெய்க்கும் ஈர்ப்புக்கும் நடுவில் மாட்டிய மனித உடம்பைப் பார்த்துச் சிரிப்பது இந்த மக்களுக்குத் திருவிழா. அதில் ஏறத் தெரியாதவருக்கும் இடம் உண்டு. இப்போது லயம் போய் அடுக்குமாடி வந்துவிட்டது, வழுக்கு மரம் நட மண் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சிரிப்பின் ஒரு துளி திரைக்குள் கிடைத்தால் பறிக்கப் பார்ப்பானேன்?

இன்னும் ஒரு குற்றச்சாட்டு: இந்த விளையாட்டுகள் பிள்ளைகளுக்குத் திருட்டையும் கொடுமையையும் கற்றுக்கொடுக்கின்றனவாம். எதிரணி குறிப்பிட்ட திருடன் ஒரு வாத்து. 2019 செப்டம்பரில் மெல்போர்னைச் சேர்ந்த ஹவுஸ் ஹவுஸ் என்ற நால்வர் குழு வெளியிட்ட 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்' அது. அமைதியான ஒரு கிராமத்தில் வாத்து நுழைகிறது. தோட்டக்காரரின் சாவியைக் கவ்வுகிறது, இலைவாரியை இழுத்துப்போய்க் குளத்தில் போடுகிறது. அவர் துரத்திக்கொண்டு வரும்போது பின்னணியில் தெபுஸ்ஸியின் பியானோ இசை துள்ளுகிறது. டான் கோல்டிங் என்ற இசையமைப்பாளர் அந்த இசையை நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக நறுக்கி, வாத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் ஏற்ப ஒலிக்கும்படி செய்திருக்கிறார். வாத்து நின்றால் பியானோவும் காத்திருக்கும். திருடிய சாவியால் அந்த வாத்துக்கு ஒரு காசு லாபம் உண்டா? சாவியை வைத்து அது எந்தப் பூட்டைத் திறக்கப் போகிறது? 2020-இல் அமெரிக்காவின் டைஸ் விருது விழாவில், பல கோடி செலவில் எடுத்த விளையாட்டுகளை ஓரம்கட்டி ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பட்டத்தை இந்த வாத்து வாங்கிக்கொண்டு போனது. கொடுமை என்று பார்த்தால், கோட் சிமுலேட்டரின் ஆடு லாரி மோதினாலும் சாகாது. எழுந்து உதறிக்கொண்டு அடுத்த ஆளை முட்டப் போகும்.

படிப்புக்கு உதவாது என்றும் சொன்னார்கள். 'ஆங்கிரி பேர்ட்ஸ்' 2009 டிசம்பரில் பின்லாந்திலிருந்து வந்தது. ரெட் அலைன் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அந்தப் பறவை பறக்கும் பாதையை அளந்து, பூமியின் ஈர்ப்புதான் அங்கேயும் என்று வைத்துக்கொண்டால் சிவப்புப் பறவையின் உயரம் ஏறக்குறைய 70 செ.மீ. என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கவண் கிட்டத்தட்ட 5 மீட்டர்! எறிபொருள் பாடத்தை இதைவிட ஆசையாகப் படிக்க வைக்க எந்தப் பாடப் புத்தகத்தால் முடியும்?

அடிமையாக்குகிறது என்பதுதான் எதிரணியின் கடைசி அம்பு. கைப்பேசியில் தினமும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லி, பெட்டி திறக்கக் காசு பிடுங்கி, அடுத்த படி அடுத்த படி என்று இழுக்கிற விளையாட்டுகள் ஏராளம் உண்டு. அவற்றைத் திட்டுங்கள், இந்த அணியும் சேர்ந்து திட்டும். வாத்து விளையாட்டை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால், மூன்று நான்கு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். தினப்படி வருகைப் பதிவும் இல்லை, உலகத் தரவரிசையும் இல்லை. அண்டை வீட்டுப் பிள்ளை எத்தனை மதிப்பெண் என்று கேட்டே வளர்க்கப்படும் பிள்ளைக்கு, மதிப்பெண்ணைப் பற்றிக் கவலையே இல்லாத ஒரு வாத்தோடு ஒரு சாயங்காலம் இருப்பது பெரிய விடுமுறை.

நடுவர் அவர்களே, வாத்து விளையாட்டை 2020 செப்டம்பரிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். எதிரணித் தலைவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கால்மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். கத்துவதற்கென்றே தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அவருக்கு அது பிடிக்கும்.