ஊவாத் தோட்டங்களில் நீரிழிவுக் காற்புண்: மாநாட்டுத் தலைமை உரை

நீரிழிவுக் காற்புண்ணின் முதல் ஆபத்து அது வலிக்காததுதான். நெடுநாள் கட்டுக்கடங்காத இரத்தச் சீனி பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை கீறினாலும் தெரியாது. வியர்வை நின்ற தோல் வறண்டு வெடிக்கிறது. சிறுதசைகள் வலுவிழந்து விரல்கள் வளைய, உடற்பாரம் முன்பாதத்தின் ஓரிரு இடங்களில் மட்டும் விழுகிறது. அங்கே தோல் காய்த்துத் தடித்து, அதன் அடியில் புண் பிறக்கிறது. இரத்தக்குழாயும் ஒடுங்கியிருந்தால் அது எளிதில் ஆறாது.

பசறை, லுணுகலை, ஹாலி-எல, ஹப்புத்தளை மலைகளில் இதற்கு வேறு துணைகளும் உண்டு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையில் விரலிடுக்கு ஊறிச் சேற்றுப்புண் வருகிறது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தால் அதுவும் வாசலாகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலில் பெரும்பாலும் ரப்பர் செருப்புதான், சில வேளை அதுவும் இல்லை. 2005–2006இல் நடந்த தேசிய ஆய்வு, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்ததாகக் கண்டது. அவர்களுள் மூன்றில் ஒருவருக்கு மேல் அதை அறியாதவர். சீனி வியாதி இருப்பதே காற்புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் சிலருக்குத் தெரியவருகிறது.

எல்லாப் புண்ணும் கிருமி பற்றிய புண் அல்ல. வீக்கம், சிவப்பு, சூடு, வலி, சீழ் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று எனக் கொள்ளப்படும். கறுத்த தோலில் சிவப்பு மறைந்துவிடும் என்பதால் கை வைத்துச் சூட்டைப் பார்ப்பது அவசியம். சிவப்பு புண்ணைச் சுற்றி 2 சென்ரிமீற்றரை எட்டினாலோ கிருமி ஆழத்துக்கு இறங்கினாலோ தொற்று நடுத்தரமானது. காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு போன்றவை சேர்ந்தால் கடுமையானது. கிருமி நீக்கிய உலோகக் கம்பி புண்ணுக்குள் எலும்பைத் தொட்டால், தொற்று எலும்பை எட்டியிருக்கக்கூடும்.

தொற்றில்லாத புண்ணுக்கு அன்டிபயோட்டிக் தேவையில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் இந்த விதிதான் அதிகம் மீறப்படுகிறது என்றால் மிகையாகாது. மருந்து கொடுப்பது எளிது, புண்ணைச் சுத்தம் செய்வது கடினம். தொற்று உண்டெனில் அழுகிய தசையை அகற்றி, அடியிலிருந்து எடுத்த திசுவையே கிருமிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மேற்பரப்பைத் துடைத்தெடுத்த பஞ்சு தவறான கிருமியைக் காட்டக்கூடும். தெற்காசியாவில் சூடோமோனாஸ் போன்ற கிராம் எதிர்க் கிருமிகள் அடிக்கடி காணப்படுவதால், மேலைநாட்டு மருந்துப் பட்டியலை அப்படியே எடுத்தாள முடியாது. மென்திசுத் தொற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் மருந்து போதும். எலும்புத் தொற்றுக்கு எலும்பை வெட்டாமல் சிகிச்சை செய்தால் ஏறக்குறைய ஆறு வாரம்.

எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாதது ஒன்றுண்டு: புண்ணின் மேல் பாரம் விழாமல் காப்பது. அதற்கு உதவுவதும் பாதம் முழுவதையும் தழுவுவதுமான பிளாஸ்டர் கட்டின் வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. 1930களில் கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல் தொழுநோயாளரின் உணர்வற்ற பாதங்களுக்கு இதைப் பயன்படுத்தினார். கொல்லிமலையில் வளர்ந்து வேலூரில் பணியாற்றிய போல் பிராண்ட் இம்முறையை அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அது நீரிழிவு மருத்துவத்துக்குப் பரவியது. கடும் தொற்றோ கடும் இரத்த ஓட்டக் குறைவோ உள்ள காலுக்குக் கழற்ற முடியாத கட்டு ஆகாது.

ஆனால் காலுக்கு ஓய்வு என்பது தோட்டத்தில் கூலி இழப்பு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி. மலைக்கு வேலைக்கே போகாவிட்டால் அதுவும் இல்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு நாட்கூலியை விழுங்கும். மூன்று வாரம் நடக்காதே என்று சொல்லும் வைத்தியர் அந்த வீட்டு அடுப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் மாற்று வேலைக்குத் தோட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கும் சிறு கடிதம் சில வேளை மருந்துச் சீட்டைவிடப் பயன் தரும்.

தோட்ட வைத்திய உதவியாளரிடம் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை ஒன்று இருந்தால் உணர்விழந்த பாதங்களைச் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். கறுத்த விரல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆறிய பாதமும் பாதுகாப்பானதல்ல. ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் புண் மீண்டும் வருகிறது. அதனால் அவர்களின் பாதத்தையும் செருப்பையும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.