நித்தியகல்யாணி செய்யும் வேலை

தேனாம்பேட்டைச் சந்துகளில் மதில் இடுக்கில்கூட முளைத்து, ஐந்து இதழ் விரித்து நிற்கும் நித்தியகல்யாணி. அதன் இலையிலிருந்து கிடைக்கிறது வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து.

அது எப்படி வேலை செய்கிறது என்று அறிய, செல் பிரிவதைப் பார்ப்போம். செல் இரண்டாகப் பிரியுமுன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, மெல்லிய புரத இழைகளால் இருபுறமும் இழுத்துப் பங்கிடும். இழைகள் எல்லாவற்றையும் சரியாகப் பற்றினவா என்று சோதித்த பிறகே பிரியும். செல் சுழற்சியை ஆளும் புரதங்களைக் கண்டறிந்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவரும் 2001-இல் நோபல் பெற்றார்கள்.

அந்தக் கட்டுப்பாடு கெட்டால் புற்று.

வின்கிரிஸ்டின், குரோமோசோம்களை இழுக்கும் அந்த இழைகளை உருவாகவே விடாது. செல் பாதியில் நின்று மடியும். வேகமாகப் பிரியும் முடிவேர்ச் செல்களும் அடிபடுவதால்தான் முடி கொட்டுகிறது. எத்தனையோ குழந்தைகளை ரத்தப் புற்றிலிருந்து மீட்ட மருந்து இது!

ஆனால் நேயர்களே, இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அது நஞ்சு.