மஞ்சள் அம்பு காட்டிய வழி



நம்மிடையே சந்தியாகு என்று பெயர் கொண்டவர்கள் உண்டு. அது இயேசுவின் சீடர் யாக்கோபின் பெயர். அவருடைய கல்லறை என்று நம்பப்பட்ட ஓர் இடம் 9-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கண்டறியப்பட்டது. மன்னர் இரண்டாம் அல்போன்சோ அங்கே கோயில் எழுப்பினார். அந்த ஊர்தான் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. பிரான்சு எல்லையிலிருந்து மலையேறி, சுமார் 780 கிலோமீட்டர் நடந்தே போனாங்க மக்கள். 12-ஆம் நூற்றாண்டிலேயே அவர்களுக்கு வழிகாட்டி நூலும் எழுந்தது.

பிறகு போர், கொள்ளைநோய், சமயப் பிளவு. நடப்பார் குறைந்து, பாதை தேய்ந்துபோச்சு.

1984-இல் எலியாஸ் வலீஞா என்ற கிராமத்துப் பாதிரியார் என்ன செய்தார் தெரியுமா? மஞ்சள் சாயத்தை எடுத்துக்கொண்டு, வழிநெடுக அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். 1989-இல் அவர் மறைந்தார், அம்புகள் மறையவில்லை. 2024-இல் கொம்போஸ்தெலா சேர்ந்து சான்றிதழ் பெற்றவர்கள் 4 லட்சத்து 99 ஆயிரம் பேர்!

பெற்றோர்களே, நடப்பார் இல்லாவிட்டால் பாதை மறையும். படிப்பார் இல்லாவிட்டால் பள்ளியும் மறையும். பிள்ளைகளை இங்கே அனுப்புங்கள். பரிசு வாங்கிய மாணவர்களே, பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு நீங்களும் ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள்.