பெரியவர்களின் முகமும் குழந்தையின் உடலறிவும்
(முன்பருவக் கல்வி குறித்த கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



முன்பருவக் குழந்தைகளின் உடலறிவும் பாலியல் கல்வியும் இந்தக் கருத்தரங்கின் பொருள். ஆனால் வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவை குழந்தைகளைப் பற்றியவை அல்ல, நம்மைப் பற்றியவை. பெற்றோர் ஏன் பேச்சை மாற்றுகிறார்கள், ஆசிரியர் ஏன் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறார், பாட்டி ஏன் அதட்டுகிறார் என்றே அவை கேட்கின்றன. இது சரியான திசை என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் குழந்தைகள் சிக்கலாக இருந்ததே இல்லை.

குழந்தை என்ன செய்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் அது தன் உடலை மூலைமுடுக்கு விடாமல் ஆராய்ந்து பார்க்கிறது. காதைப் பிடித்து இழுக்கும், தொப்புளில் விரல் விடும், குறியையும் தொட்டுப் பார்க்கும். தம்பிக்கு இருப்பது தனக்கு ஏன் இல்லை என்று கேட்கும். 1998இல் அமெரிக்காவில் வில்லியம் ஃபிரெட்ரிக் குழுவினர் 2 முதல் 12 வயது வரையிலான 1,114 குழந்தைகளின் தாய்மாரிடம் தகவல் திரட்டினார்கள். வீட்டில் தன் குறியைத் தொடுவதும் பிறர் உடை மாற்றுவதை எட்டிப் பார்ப்பதும் 2 முதல் 5 வயதில் மிக இயல்பானவை, வயது ஏற ஏறக் குறைபவை என்று அந்த ஆய்வு காட்டியது. அந்த வயதில் அதில் இருப்பது ஆவல் மட்டுமே. காமத்தை அங்கே கொண்டுபோய் வைப்பது பார்க்கிறவருடைய கண்.

அந்தக் கண்ணைப் பற்றித்தான் இன்று நாம் பேச வேண்டும்.

நம் ஊர்களில் ஆண் குழந்தை அரைஞாண் கயிறோடு தெருவில் ஓடலாம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவனைக் கூப்பிட்டுக் குஞ்சைக் காட்டச் சொல்லிச் சிரிக்கலாம். பெண் குழந்தைக்கு முன்னாளில் வெள்ளியில் அரைமூடி கட்டினார்கள். இப்போது ‘ஷேம் ஷேம்’ என்று சொல்லிக்கொண்டே ஜட்டியை மாட்டிவிடுகிறோம். அவனுக்கு அவன் உடல் ஊராரின் வேடிக்கை, அவளுக்கு அவள் உடல் வெட்கம். யாரும் பாடம் நடத்தாமலே மூன்று வயதுக்குள் இருவரும் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். பாலியல் கல்வி எப்போது தொடங்க வேண்டும் என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அது எப்போதோ தொடங்கிவிட்டது. தவறான பாடத்திட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வேடிக்கையின் விலை என்ன? மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. 53 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண் குழந்தைகள். பெரும்பாலானோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ‘ஆம்பளப் பையன்தானே’ என்று நாம் சிரித்த இடத்திலேயே அந்தப் பையன் சொல்ல வந்த சொல்லும் அடைபட்டுப் போயிருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் இந்த அவை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது அன்பின் பெயரால் நடப்பது. விருந்தாளி வந்ததும், “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு பாப்பா” என்கிறோம். பாப்பா அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தால், “பெரியவங்க கேட்டா குடுக்கணும்” என்று இழுத்து விடுகிறோம். முறைமாமன் கன்னத்தைக் கிள்ளி, “என்னைக் கட்டிக்கிறியா?” என்று கேட்டால் வீடே சிரிக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பெரியவர் கேட்டால் தன் உடல் தன்னுடையது அல்ல. பிறகு அதே குழந்தையைப் பள்ளியில் உட்காரவைத்து, ‘வேண்டாம் என்று உரக்கச் சொல்’ என்று பயிற்சி கொடுக்கிறோம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்தவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்றே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. அந்நியரைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொடுத்து, தெரிந்தவருக்குப் பணியப் பழக்கியிருக்கிறோம்.

மௌனத்தின் கதை இன்னும் விநோதமானது. பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் பிடித்து, படத்தோடு பிளெக்ஸ் வைத்து, மஞ்சள் நீராட்டுக்கு ஊரையே அழைக்கிறோம். அந்தச் செய்தி ஊருக்கெல்லாம் போகிறது. ஆனால் அது என்ன, ஏன் வருகிறது என்று முந்தைய நாள்வரை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே, உடலைப் பற்றிப் பொதுவில் பேச நம் பண்பாடு கூசுகிறது என்று சொல்வது உண்மையல்ல. கொண்டாடத் தெரிகிறது, உரியவரிடம் விளக்கத்தான் தயக்கம்.

இதற்கிடையே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பின் ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ பள்ளிகளில் பரவியது. சென்னையில் 2004இல் தொடங்கப்பட்ட ‘துளிர்’ போன்ற அமைப்புகள் அதற்கு முன்பிருந்தே இந்தப் பணியைச் செய்துவந்தன. இன்று 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பல குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை.

ஆயினும் என் கருத்தை இந்த இடத்தில்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாம் உடலைக் குழந்தைக்கு ஆபத்தின் வழியாக அறிமுகப்படுத்துகிறோம். அதுவரை வீட்டில் யாரும் பெயர் சொல்லாத ஓர் உறுப்பைப் பற்றி முதன்முதலாகப் பள்ளியில் கேட்கும் செய்தி, ‘இங்கே யாரும் தொடக் கூடாது’ என்பதாக இருக்கிறது. நீச்சலே தெரியாத பிள்ளையிடம் கிணற்றில் விழுந்தவர்களின் கதையை மட்டும் சொல்வது போன்றது இது. தொடுதல் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பையும் அதன் தலையிலேயே வைக்கிறோம். அத்துமீறுபவர் மென்மையாகத் தொடலாம், மிட்டாய் கொடுக்கலாம். மருத்துவர் போடும் ஊசி வலிக்கலாம். நான்கு வயதில் இதை எப்படிப் பிரித்தறிய முடியும்? அதனால்தான் பலர் இப்போது பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று பேசுகிறார்கள். அதற்கும் முன்னே வர வேண்டியது உடலின் இயல்பான அறிவு.

அந்த அறிவுக்கு முதல் தேவை பெயர்கள். இங்கே தமிழில் நமக்கு ஓர் உண்மையான இடர்ப்பாடு உண்டு. தெருவில் வழங்கும் சொற்கள் வசவுச் சொற்களாகிவிட்டன. பாடநூல் சொற்கள் வீட்டுக்குள் வரவில்லை. இடையில் வீட்டுக்கு வீடு ஒரு செல்லப்பெயர். இது சட்டத்தையும் தொடுகிறது. போக்சோ சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வாக்குமூலத்தைக் குழந்தை சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும். தன் வீட்டுக்கு மட்டும் புரியும் பெயரை ஒரு குழந்தை சொன்னால் டீச்சருக்குப் புரியாது, காவலருக்கும் புரியாது. குளிப்பாட்டும்போது முழங்கை, முழங்கால் என்று சொல்லும் அதே குரலில் ஆண்குறி, பெண்குறி என்று சொல்லிப் பழகினால் நாலு நாளில் கூச்சம் போய்விடும். குழந்தைக்கு அந்தக் கூச்சம் முதலிலிருந்தே கிடையாது.

எதிர்ப்புகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2005இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்திவைத்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே சொன்னது. அந்த எதிர்ப்பெல்லாம் வளரிளம் பருவத்தினருக்கான பாடத்துக்கு! ஐந்து வயதுக் குழந்தை அப்போது யார் பேச்சிலும் இல்லை. யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நெறிகளோ 5 வயதிலிருந்தே தொடங்குகின்றன. அந்த வயதுக்கு அவை சொல்பவற்றில் உடலுறுப்புகளின் பெயர், குடும்பம், நட்பு, தன் உடல்மீது தனக்குள்ள உரிமை ஆகியவை அடங்கும்.

சொல்லிக்கொடுத்தால் குழந்தை பயந்துவிடும் என்பார்கள். பள்ளிகளில் நடந்த தடுப்புப் பயிற்சிகள் பற்றி 2015இல் வந்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குழந்தைகளின் அறிவும் தற்காப்பு நடத்தையும் கூடின; அச்சம் கூடியதற்குச் சான்று இல்லை. இது மேற்கத்தியச் சரக்கு, நம் பண்பாட்டைக் கெடுக்கும் என்பார்கள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மீதான மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணத்தையே தவறான கருத்து என்று எடுத்துக்காட்டி, முழுமையான பாலியல் கல்வித் திட்டங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது.

அதே காக்ரேன் மதிப்பாய்வின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இந்தப் பயிற்சிகளால் அத்துமீறல்களே குறைந்தன என்று அதனால் உறுதிசெய்ய முடியவில்லை. நான்கு வயதுக் குழந்தை நாற்பது வயதுக்காரரைத் தடுத்து நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. குழந்தையின் அறிவு, சொல்ல உதவும். காப்பது பெரியவர்களின் கடமை. சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது: 19ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் 21ஆம் பிரிவுப்படி தண்டனை உண்டு. ‘குடும்ப மானம் போயிடும்’ என்று மூடிமறைக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இது தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கே புதிய பாடம் எதுவும் தேவையில்லை. ‘தலை, தோள், முழங்கால்’ என்று பாடும் பாட்டில் விடுபட்ட உறுப்புகளைச் சேர்க்கலாம். கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது, “டீச்சர் கழுவி விடட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ‘நான் எப்படிப் பிறந்தேன்?’ என்று குழந்தை கேட்டால், அம்மாவின் வயிற்றுக்குள் கருப்பை என்று ஒரு பை இருக்கிறது, அதில் வளர்ந்தாய் என்று சொல்லலாம். கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு, பொய்யில்லாமல். மேற்கொண்டு வேண்டுமென்றால் அதுவே கேட்கும். கேட்டால் முகம் மாறாத ஒரு பெரியவர் இருக்கிறார் என்று அறிந்த குழந்தைதான், ஏதாவது நடந்தால் அவரிடம் வந்து சொல்லும்.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன். ஒன்று, மாவட்டவாரியாக வீடுகளில் வழங்கும் உறுப்புப் பெயர்களைத் தொகுத்து, கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய பொதுப் பட்டியல் ஒன்றைப் பரிந்துரைப்பது. இரண்டு, குழந்தைகளுக்கான கையேட்டுக்கு முன்னால் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்குமான கையேட்டை எழுதுவது. மூன்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு இருக்கும் பெரியவர்களின் மனப்பாங்கை நம் மண்ணிலேயே முறையாக ஆய்வது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். முதல் அமர்வில் முதலில் பேச வேண்டியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். நாள்தோறும் இருபது முப்பது குழந்தைகளின் கேள்விகளுக்கு நடுவே இருக்கும் அங்கன்வாடி டீச்சர்களும் ஆயாம்மாக்களும் முதலில் பேசட்டும், நாம் குறிப்பெடுப்போம். அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தத்தம் கட்டுரைகளில் மாற்ற வேண்டியதை மாற்றிக்கொண்டு மதிய அமர்வுக்கு வாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.